பார்த்துக்கொண்டு நின்றவர்

அவருடைய முகத்தைவிட அவருடைய ஹெல்மெற்றின் உச்சிதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை ஹெல்மெற். இடது பக்கம் ஒரு நீளக் கீறல். முகம் எப்போதும் நிலத்தைப் பார்த்தபடியே இருக்கும். யாரும் கூப்பிட்டால் "ம்" என்பார். அந்த "ம்" கூட நிலத்துக்குத்தான் போகும். பெயர் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். தன்னைப் பற்றி நாலு பேர் கதைப்பது பிடிக்காத மனிதர்.

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெருவுக்குப் பின்பக்கம் ஒரு இடிந்த கோயில் இருக்கிறது. வெள்ளைக்காரரின் பழைய கிறிஸ்தவ வேதக் கோயில், பல நூறு வருஷத்துப் பழசு. கூரை எப்போதோ போய்விட்டது. சுவர்கள் மட்டும், அதுவும் முழுதாக இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். அந்த மண்டபத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனவள்தான் நான். பாதிரியார் மாறினார், கமிட்டி மாறியது, சாவி மட்டும் கைமாறவில்லை. நான் சைவம். வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறி லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போகிறவள். அதைத் தெரிந்துகொண்டுதான் என்னிடம் சாவியைத் தந்தார்கள். என் துடைப்பம் போன நிலத்தில் முகம் பார்க்கலாம், அவர்களுக்கு அது போதும்.

ஒரு வருஷம் இலையுதிர் காலத்தில் அந்த இடிந்த சுவர்களைத் திருத்த ஆட்கள் வந்தார்கள். முன்னே யாரோ பூசியிருந்த சீமெந்தையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். சீமெந்து பழைய கல்லை மூச்சுவிட விடாதாம். சுவரின் தலையில் மண் வைத்துப் புல் பதித்தார்கள், மழை உள்ளே இறங்காமல் இருக்க. அதெல்லாம் மேலே நடந்த வேலை. கீழே சுவரடியில் நிற்கும் தண்ணீரை வெளியே கொண்டுபோக வாய்க்கால் கிண்டிக் குழாய் பதிக்க வேண்டும். அதற்கு மண் கிண்டும் சின்ன இயந்திரம், டிகர் ஒன்று வந்தது. டிகரோடு இந்த மனிதரும் வந்தார்.

டிகர் வேலை செய்தது. ஆட்கள் வேலை செய்தார்கள். இவர் மட்டும் குழியின் விளிம்பில் நின்றார். காலையில் நின்ற இடத்தில் பின்னேரமும் நின்றார். ஏதோ பிழைவிட்டதற்குத் தண்டனையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் தமிழர் என்று எனக்குத் தெரிய வந்ததே டிகரின் வாளி ஒரு கல்லில் முட்டிய சத்தத்தில்தான். "அய்யய்யோ" என்றார். நான் துடைப்பத்தை வைத்துவிட்டுப் படியால் இறங்கிப் போனேன்.

"தம்பி தமிழோ?"

"ஆமாம்மா."

"எந்த ஊர்?"

"கும்பகோணம் பக்கம்."

குழியிலிருந்து கண் எடுபடவில்லை. மரியாதை இல்லாத மனிதர் என்று எனக்குக் கொஞ்சம் கோபம் ஏறிவிட்டது. விடாமல் கேட்டேன்.

"என்ன வேலை செய்யிறியள் இஞ்சை?"

"பாக்குறதும்மா."

பார்க்கிறது என்றால் எங்கள் வீட்டில் ஒரு கருத்துத்தான். என் மருமகள் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வயோதிபர் இல்லத்தில் ஆட்களைப் பார்க்கிறாள். குளிக்க வார்ப்பது, உணவு தீத்துவது, மாத்திரை கொடுப்பது. "எங்கை வேலை?" என்று கேட்பவர்களுக்கு "ஆள் பாக்கிறன்" என்றுதான் சொல்லுவாள்.

"ஆரைப் பாக்கிறியள்? உள்ளுக்கை ஆரும் வயசுபோன ஆள் இருக்கினமோ?"

"இருக்காங்கம்மா. ரொம்ப வயசானவங்க. எங்க இருக்காங்கன்னுதான் தெரியல."

யாரோ கிழவர் காணாமல் போய்விட்டார் என்று நான் சுவரடிப் பற்றைக்குள்ளே எட்டிப் பார்த்தேன். டிகருக்குள் இருந்து ஒரு வெடிச்சிரிப்புக் கேட்டது. ஓட்டியவனும் நம்முடைய பெடியன்தான், ரஞ்சன். ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இங்கே வந்தவன்.

"அன்ரி, அதுக்கை தேடாதேங்கோ! அவர் சொல்லுறது செத்துப்போன ஆக்களை. மண்ணுக்கை படுத்திருக்கினம். நான் அவையளைக் கிளறாமல் இருக்க அண்ணை காவல்."

"சும்மா நிண்டு பாக்கிறதுக்குச் சம்பளமோ?"

"அதுவும் என்ரையிலும் கூடவாம்!"

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. ஹெல்மெற் கொஞ்சம் ஆடியது.

பிறகு பிறகுதான் அந்த வேலை எனக்கு விளங்கியது. பழைய கோயில் வளவில் எங்கே கிண்டினாலும், பழசு தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். டிகரின் வாளி மண்ணை வெண்ணெய் வழிப்பதுபோல மெல்லியதாக வழித்துக்கொண்டு போகும். மண்ணின் நிறம் மாறுகிறதா, கல் வரிசையாக வருகிறதா, எலும்பு தெரிகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஏதும் கண்டால் வலது கையைத் தோள் உயரத்துக்கு உயர்த்துவார். உள்ளங்கை விரிந்திருக்கும். "ஒரு நிமிஷம்" என்பார். டிகர் நின்றுவிடும். அவர் குழிக்குள் இறங்கி, மேசன்மாரின் கரண்டிபோல ஒரு சின்னக் கரண்டியால் சுரண்டுவார். சிவப்பும் வெள்ளையும் அடித்த கோலொன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார். மேலே வருவார். கையைக் கீழே விடுவார். டிகர் திரும்ப உறுமும்.

அந்த ஒரு நிமிஷம் ஒருநாளும் ஒரு நிமிஷமாக இருந்ததில்லை.

"ஜெர்மனியிலை ஒரு நாளிலை கிண்டுறதை இஞ்சை மாசக்கணக்காக் கிண்டுறன், அன்ரி. எல்லாம் அண்ணையின்ரை ஒரு நிமிசத்தாலை" என்று ரஞ்சன் அழுவான். ஆட்களுக்கு மேலாளாக இருந்த பெரிய வயிற்று வெள்ளைக்காரர்கூட அதைப் பாடமாக்கிவிட்டார். காலையில் இவர் வாசலில் வரும்போதே "ஒறு நிமிஷம்! குட் மார்னிங்!" என்று கத்துவார். இவருடைய பெயரே அதுதான் என்று அந்த வெள்ளைக்காரர் நினைத்திருந்தாரோ தெரியாது.

வேலையாட்களுக்கு மண்டபத்தைத் திறந்துவிடுவதும் கேத்திலைப் போடுவதும் என் பொறுப்பு. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்குப் பையில் அடைத்த தேயிலை. தமிழ் ஆட்கள் இருவருக்கும் நான் வீட்டில் போடுகிற மாதிரி, பால் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. என்னுடைய தேத்தண்ணியைப் பற்றி நான் சொல்லக் கூடாது. குடித்தவர்களைக் கேளுங்கள்.

ரஞ்சன் டிகரிலிருந்து குதித்து வந்து குடிப்பான். அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், "வைங்கம்மா, ஒரு நிமிஷம்" என்பார். காலடியில் ஒரு செங்கல் இருந்தது, அதன் மேல் வைப்பேன். ஆவி அடங்கும். ஆடை படியும். ஒருநாள் அதற்குள் ஒரு இலை விழுந்து மிதந்தது. டிகர் நிற்கும்போது எடுத்து, தண்ணீர் குடிப்பதுபோல ஒரே இழுப்பில் விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்பார்.

"ஆறின தேத்தண்ணியிலை என்ன நல்லது, தம்பி?"

"ஆறினாத்தான்மா ருசி தெரியும்."

பொய். ஆனால் மரியாதையான பொய். நான் மறுநாளும் இஞ்சி தட்டினேன்.

மத்தியானச் சாப்பாடும் அப்படித்தான். தயிர்ச் சோற்றுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மண்டப வாசலில் நின்றபடி, குழியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். "இருந்து சாப்பிடுங்கோ, உது எங்கையும் ஓடாது" என்றால், "ஓடாதும்மா, ஆனா யாராவது மேல மிதிச்சிடுவாங்க" என்பார். தெருவில் போகும்போதும் கண் நிலத்தில்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பத்தோடு முட்டுப்பட்டதை நான் என் கண்ணால் கண்டேன். முட்டிவிட்டுக் கம்பத்தைப் பார்த்து "சாரி" என்றார்.

மண்ணிலிருந்து என்னென்னவோ வரும். சிப்பி ஓடுகள், உடைந்த ஓடு, சுருட்டுக் குழாய்த் துண்டு. "தங்கம் வந்தால் மூண்டு பங்கு, அண்ணை! அன்ரிக்கும் ஒண்டு!" என்று ரஞ்சன் கத்துவான். ஒருமுறை அவர் என்னைத் தானாகக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரே தடவைதான். உள்ளங்கையில் நகத்தளவு ஒரு கண்ணாடித் துண்டு. கறுத்து, அழுக்கேறி. "வெயில்ல பாருங்கம்மா" என்று இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். லண்டனில் அந்த நேரத்துக்கு ஏது வெயில். ஆனாலும் முகிலுக்குப் பின்னால் இருந்த வெளிச்சம் அதற்குள்ளே போய்ப் பச்சையாக வந்தது. குளத்துப் பாசிப் பச்சை.

"யாரோ ஒரு அம்மா இதையே பாத்துக்கிட்டு உக்காந்து கும்பிட்டிருப்பாங்க" என்றார்.

அன்றைக்குத்தான் அவருடைய தொண்டையைக் கண்டேன். தலையை நிமிர்த்தியபடி அவ்வளவு நேரம் நின்றார்.

இவ்வளவையும் நான் அன்போடுதான் சொல்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது சரியில்லை. ஒரு மழைநாள் மண்டபத்துப் படியில் என் கால் வழுக்கியது. தட்டும் கோப்பைகளும் பறந்தன. நான் இருந்த வாக்கில் கீழே விழுந்து, எழும்ப ஏலாமல் கிடந்தேன். அவர் எனக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றார். டிகருக்குள் கண்ணாடி அடைத்துக்கொண்டு இருந்த ரஞ்சன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சேற்றில் ஓடி வந்து என்னைத் தூக்கினான். இவர் அப்போதுதான் திரும்பி, டிகர் ஏன் நின்றது என்று பார்த்தார்.

"அண்ணை, அன்ரி விழுந்துபோனா! காணேல்லையோ?"

"எப்போ?" என்றார்.

பாவம், முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நாள் நேந்திரங்காய்ச் சிப்ஸ் ஒரு பை கொண்டுவந்து, "எனக்குத் தெரியலம்மா, சத்தியமா எனக்குத் தெரியல" என்று நாலைந்து தரம் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாதிரி மனம் கூசியது. பக்கத்தில் விழுந்த உயிர் தெரியாமல் ஒரு மனிதனால் மண்ணைப் பார்க்க முடியுமா என்று அன்று இரவு மருமகளிடம் கேட்டேன். "அது ஒரு வரம், மாமி" என்றாள். "வீட்டிலை இருக்கிறவைக்குத்தான் சாபம்."

அவருக்கு இங்கே வீட்டில் என்று யாரும் இல்லை. ஊரில் தாய் இருந்தார். தங்கை தாயோடு இருந்தாள். அவருடைய மஞ்சள் ஜாக்கெட்டின் பையில் ஃபோன் அடிக்கடி உதறும். எடுக்க மாட்டார். உதறி உதறி அடங்கும். டிகர் நின்ற பிறகு எடுத்துப் பார்த்து, "தங்கச்சி" என்பார், யாருக்கும் இல்லாமல். திருப்பி அடிப்பதற்குள் டிகர் தொடங்கிவிடும்.

புதன்கிழமை. கிழக்குச் சுவரின் மூலையில் கிண்டிக்கொண்டிருந்தார்கள். கை உயர்ந்தது. "ஒரு நிமிஷம்" கூடச் சொல்லவில்லை. ரஞ்சன் வழமைபோலப் பகிடி விட வாயெடுத்தவன், அவர் நின்ற விதத்தைக் கண்டு வாயை மூடினான்.

மண்ணுக்குள் இரண்டு பாதம். மீதி ஆள் சுவர்ப்பக்கம் மண்ணுக்குள்ளேயே. வாய்க்காலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது பாதங்கள் மட்டும். விரல் எலும்புகள் சுண்டங்காய் மாதிரிச் சின்னஞ்சிறிதாக, அப்படியே வரிசையாக. பக்கத்துப் பக்கத்தில் சேர்த்து வைத்த பாதங்கள். துணியால் கட்டிப் புதைத்திருப்பார்கள், அதுதான் சேர்ந்திருக்கிறது என்றார். எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நாங்களும் போனவர்களின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்.

அவர் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு தூரிகையால் விரல்களைத் துடைத்தார்.

"மெல்ல, அண்ணை. அவருக்குக் கால் கூசப்போகுது" என்றான் ரஞ்சன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

ஜாக்கெட் பை உதறியது. அடங்கியது. திரும்ப உதறியது. நான் பொறுக்காமல், "தம்பி, எடுங்கோ" என்றேன். சேற்றுக் கையோடு எடுத்தார். அந்தப் பக்கம் அழுகை எனக்கே கேட்டது. தாய் விழுந்து, இடுப்பு உடைந்து, ஆஸ்பத்திரியில். மூச்சு சரியில்லை. அண்ணா உடனே வா.

"வெளிக்கிடுங்கோ" என்றேன்.

"ஆமாம்மா. ஒரு நிமிஷம்."

குழாயை அந்த இடத்தில் கொஞ்சம் விலக்கிக் கொண்டுபோனால் பாதங்களைத் தொடாமல் அப்படியே மூடிவிடலாம். எடுக்காமல் விட ஏலுமென்றால் எடுக்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய முறை. ஆனால் விலக்குவதற்கு, குழாய் வேலைக்குப் படம் வரைந்தவர் வந்து பார்த்து ஓமென்று சொல்ல வேண்டும். அவர் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். மேலாள் அதற்கிடையில் வேலையை முடிக்க அந்தரப்பட்டார்.

"உங்கடை கந்தோரிலை வேறை ஆள் இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்காங்கம்மா. புதுசா வர்றவங்களுக்கு எங்க பாக்கணும்னு தெரியாது."

ரஞ்சன் கிட்ட வந்தான். அவன் அவரோடு பகிடி இல்லாமல் கதைத்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அண்ணை, போங்கோ. நான் தொடமாட்டன். என்ரை பிள்ளையளாணை. மேலாள் சொன்னாலும் டிகரின்ரை திறப்பைக் கழட்டிக்கொண்டு வீட்டை போயிடுவன்."

"உங்களை நம்பாம இல்ல, ரஞ்சன்" என்றார். நம்பவில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"தம்பி, பெத்த தாய்" என்றேன் நான்.

"அம்மா புரிஞ்சுப்பாங்கம்மா. சின்ன வயசுலேர்ந்தே எனக்காக வெயிட் பண்ணிப் பழக்கம் அவங்களுக்கு."

வியாழன் முழுக்க அவர் அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் நின்றார். மழை வந்தபோது தன்னுடைய மேல்சட்டையைக் கழற்றி, பாதங்களை மூடியிருந்த தார்ப்பாயின் மேல் இன்னொரு போர்வையாகப் போட்டார். தேத்தண்ணி செங்கல்லிலேயே இருந்தது. மழைத் தண்ணீர் சேர்ந்து கோப்பை நிரம்பி வழிந்தது.

வெள்ளி மத்தியானம் படம் வரைந்தவர் வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். குழாயை எந்தப் பக்கமாகத் திருப்பலாம் என்று விரலால் காட்டினார். முடிந்துவிட்டது. அவ்வளவுதான் அலுவல். இவர் மண்ணைச் சல்லடையில் அரித்து, கையால் அள்ளி, அந்த விரல்களின் மேல் தூவி மூடினார். குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல. அதன்மேல் ஒரு துணி. அதன்மேல் மண். குழாய் பதிப்பது திங்களன்று, அதற்கு வேறொருவர் வருவார் என்றார்.

பின்னேரம் பெட்டியோடு வந்து மண்டப வாசலில் நின்றார். ஹீத்ரோவுக்குப் போக வேண்டும். கண் என்மேல் ஒரு கணம், பிறகு குழிப்பக்கம் போனது.

"வரேம்மா. பாத்துக்கங்கம்மா."

"ஓம் தம்பி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். பெரிய பொறுப்பைத் தந்துவிட்டுப் போகிறார் என்று மனம் நிறைந்தது. இந்த மனிதர் யாரையும் நம்பாதவர். ரஞ்சனை நம்பவில்லை. என்னை நம்புகிறார்.

சனிக்கிழமை வேலை இல்லை. எங்கள் பக்கத்தில் நரித் தொல்லை அதிகம். புது மண் கண்டால் விடாது. நான் மண்டபத்துக் கதிரை ஒன்றைத் தூக்கிப்போய்க் குழியடியில் போட்டுக் குடையோடு இருந்தேன். ஒரு நரி வந்தது. மெலிந்த நரி, காது ஒன்று கிழிந்தது. என்னைப் பார்த்தது. நான் துடைப்பத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் இருவரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு அது போய்விட்டது. ஞாயிறும் போய் இருந்தேன். "மாமிக்கு விசர்" என்றாள் மருமகள். ஆனால் போர்வை கொண்டுவந்து தந்தாள்.

திங்கள் காலை குழாய் வேலை தொடங்க முதல் நான் அங்கே நின்றேன். அவரைப்போலக் கையைத் தூக்கத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்தாள். செம்பட்டைத் தலை, மூக்கில் மூக்குத்தி. எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவரைப்போலவே கையை உயர்த்தினாள். அவரைப்போலவே குப்புறப் படுத்தாள். பாதங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது அவள் ரஞ்சனிடம் கையைக் காட்டி டிகரை நிறுத்தினாள். கோப்பையை வாங்கி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு டிகரைத் தொடங்கச் சொன்னாள்.

ரஞ்சன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"இப்பிடியும் செய்யலாம்தானே, அன்ரி" என்றான். அவனுடைய குரலில் பகிடி இல்லை. புதன்கிழமையே அவர் போயிருக்கலாம்.

வேலை முடிந்து எல்லோரும் போனார்கள். சுவரின் தலையில் புல் பிடித்தது. வாய்க்கால் மூடிய இடத்தில் நடைபாதை போட்டார்கள். தாய்மார் தள்ளுவண்டியில் பிள்ளைகளைக் கொண்டுபோகிறார்கள். கீழே ஒருவர் காலை நீட்டிப் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

மாரி போய் வசந்தம் வந்த பிறகு, ஒருநாள் நான் மண்டபத்தைப் பூட்டிவிட்டு வரும்போது அந்த நடைபாதையில் ஒருவர் நின்றார். ஹெல்மெற் இல்லாததால் ஆள் பிடிபடவில்லை. தலை பாதி நரைத்திருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டுதான் அடையாளம் பிடித்தேன்.

"தம்பி! நீங்கள் சொன்னமாதிரியே பாத்தனான். நரியைக்கூடக் கிட்ட அண்ட விடேல்லை."

"நான் என்னம்மா சொன்னேன்?"

"போகேக்கை, பாத்துக்கங்கம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போனியளெல்லோ. சனி ஞாயிறு ரெண்டு நாளும் கதிரை போட்டு இருந்தனான்."

அவர் யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா, அது… நாங்க ஊருக்குக் கிளம்பும்போது சொல்றதும்மா. உடம்பைப் பாத்துக்கங்கன்னு அர்த்தம். உங்களைத்தான் சொன்னேன். குழியை இல்ல."

நாங்கள் "சுகமா இருங்கோ" என்போம், "கவனம்" என்போம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துடைப்பத்தோடு நரிக்குக் காவல் இருந்த கிழவி. சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, பல் வரிசை நல்ல வடிவு. பிறகு அந்தச் சிரிப்பு அவருடைய முகத்திலே எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"மழையிலயா உக்காந்திருந்தீங்க?"

"குடை இருந்தது. அம்மா எப்பிடி, தம்பி?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"நான் ஃப்ளைட்ல இருக்கும்போதே போயிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் எனக்காக வச்சிருந்தாங்க. அதுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க." நடைபாதைக் கல்லைப் பார்த்தபடியே சொன்னார். "தூக்க வந்தவங்ககிட்ட தங்கச்சி சொல்லிக்கிட்டே இருந்தாளாம். ஒரு நிமிஷம், அண்ணன் வந்துடுவான், ஒரு நிமிஷம்னு. நான் தெருமுனைக்கு வரும்போது வாசல்ல தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டிருந்தாங்க. சித்தப்பா பையன் கொள்ளி வச்சான்."

நான் அவருக்குக் கிட்டப் போய் நின்றேன்.

"கால்கூடப் பாக்கல, அம்மா" என்றார்.

நான் மண்டபத்தைத் திரும்பத் திறந்தேன். கேத்திலைப் போட்டேன். பால் காய்ச்சினேன். அவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அவர் இருந்து நான் கண்டதில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். வெளியே சுவர், புல், நடைபாதை, ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையைக் கையில் கொடுத்தேன். ஆவி முகத்தில் அடிக்க அடிக்கக் குடித்தார். நாக்கு வெந்திருக்கும்.

பாதியில் நிறுத்தி, கோப்பைக்குள்ளே பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னுடைய முகத்தைப் பார்த்தார்.

"இஞ்சி போட்டிருக்கீங்களாம்மா?"

"ஓம் தம்பி" என்றேன். "எல்லா நாளும் போட்டனான்."